தலா ஐந்து கிராம்

தராசக்காவுக்கு ரத்தம் ஒரு பொருட்டே இல்லை. குடல், மூளை, நாலு நாள் தண்ணீரில் ஊறிக் கரையொதுங்கிய உடம்பு, எதைக் கண்டாலும் அவள் முகத்தில் ஒரு மடிப்பு விழாது. பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் பதினாறு வருடமாக உடம்புகளைத் திறந்து, உறுப்புகளை எடுத்து, தராசில் வைத்து, எடையை உரக்கச் சொல்வது அவள் வேலை. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று, கொழுப்பு. அதுவும் சிறுநீரகத்தைச் சுற்றிப் பொதிந்து கிடக்கும் கொழுப்பு. தொட்டால் வழுக்கும், எடுத்தால் ஒட்டும், உதறினால் விழாது. கையுறையைக் கழற்றி மூன்று தரம் சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வழவழப்பு இருப்பதுபோலவே இருக்கும். வீட்டில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்போது அதே வழவழப்பு வந்து நிற்கும். மகள் தலை பின்னிக்கொள்ள இவளிடம் வரமாட்டாள், மாடி வீட்டு அத்தையிடம் போவாள். "உன் கை ஒரு மாதிரி இருக்கும்மா" என்பாள். அந்த 'ஒரு மாதிரி' என்னவென்று தாய்க்குத் தெரியும். தெரிந்துதான் தினமும் வேலை முடிந்ததும் குழாயடியில் நின்று விரல் விரலாகத் தேய்ப்பாள், பிறகு துண்டால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள்.

அந்தக் கொழுப்புக்குள்தான் அட்ரீனல் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் ஒன்று, ஆக இரண்டு. மெலிந்த சின்னச் சுரப்பி. பயந்தால் நெஞ்சு படபடப்பதும், உடம்பில் உப்பும் தண்ணீரும் அளவாக நிற்பதும் அதன் தயவால்தான். கொழுப்பும் மஞ்சள், அதுவும் மஞ்சள். கொழுப்பை விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்தால்தான் அது வெளியே வரும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும், கிழிந்தால் உள்ளிருந்து பழுப்பாக ஒரு கூழ் வழியும். கருமம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவள் அதையும் ஒழுங்காகத்தான் எடுத்தாள். அப்போது இருந்த டாக்டரம்மா விடமாட்டார். அந்த ஒரு வருடத்தில் ஒரு ஆளுடையதைப் போல இன்னொரு ஆளுடையது இருந்து அவள் பார்த்ததில்லை. ஒருவருக்கு இரண்டரை கிராம், இன்னொருவருக்கு ஒன்பது. புத்தகப் படத்தில் வலது முக்கோணம், இடது பிறை. மேஜையில் வந்தது மடக்கிய காகிதம், கசக்கிய இலை, நாய் நாக்கு. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து செத்தவர்களுக்கு வீங்கியிருக்கும். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்களுக்குத் தேய்ந்து தோலாய்க் கிடக்கும். ஒரு பக்கம் சிறுநீரகமே இல்லாமல் பிறந்த ஒருவருக்கு அந்தப் பக்கத்துச் சுரப்பி சப்பையாக, வட்டமாக, தட்டுப் போல இருந்தது. மனிதன் உள்ளேயும் ஆளுக்கொரு முகத்தோடுதான் இருக்கிறான் என்று அவளுக்கு அப்போது ஒரு வியப்புகூட இருந்தது.

அந்த அம்மா மாற்றலாகிப் போனார், சென்ட் டாக்டர் வந்தார். அவர் மேஜையிலிருந்து நாலடி தள்ளி, ஜன்னலோரம் நிற்பார். சென்ட் தெளித்த கைக்குட்டை மூக்கில், பேனா கையில். அங்கிருந்தே கேட்பார், இவள் சொல்லச் சொல்ல எழுதுவார். பிண வாடையைவிட அந்த சென்ட்தான் தலைவலி என்பார் டெய்லர். டெய்லர் என்றால் துணி தைப்பவர் இல்லை, அறுத்த உடம்பைத் தைத்துக் கொடுப்பவர்.

ஒருநாள் மூன்று உடம்புகள், கரண்ட் இல்லை, விசிறி இல்லை. "அட்ரீனல்?" என்றார் டாக்டர். இவள் கை கொழுப்புக்குள் இருந்தது, வயிறு தொண்டைக்கு வந்திருந்தது. "அஞ்சு, அஞ்சு" என்றாள். புத்தகத்தில் சராசரி அதுதான். அவர் எழுதிக்கொண்டார், கேள்வி இல்லை. வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் அஞ்சு. அதற்கடுத்த நாள் அவர் கேட்கக்கூட இல்லை, "அட்ரீனல் அஞ்சு, அஞ்சு" என்று தானே முணுமுணுத்து எழுதிவிட்டார். இருவருக்கும் இது எவ்வளவு வசதி என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

அதன்பிறகு அவள் வேலை சுலபம். சிறுநீரகத்தை எடை பார்க்கக் கொழுப்பை உரிக்க வேண்டுமே, அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே இழுப்பில் உரித்து, அப்படியே கழிவுப் பைக்குள் போட்டுவிடுவாள். மற்ற உறுப்புகள் உடம்புக்குள் திரும்பிப் போகும், டெய்லர் தைப்பார். கொழுப்பும் அதற்குள் இருந்த சுரப்பியும் மட்டும் பைக்குப் போகும். ஒரு விஷயத்தில் அவள் கறார். ஒவ்வொரு உடம்பின் கழிவுக்கும் தனிப் பை, கழுத்தில் எண் எழுதிய சீட்டு. "குப்பைக்கும் ஜாதகம் எழுதுறியா" என்று டெய்லர் கிண்டல் செய்வார்.

இதில் உச்சம் ஒன்று உண்டு. பதினைந்து வருடப் பதிவேட்டையும் எடுத்து வைத்து சென்ட் டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மனித அட்ரீனல் சுரப்பியின் அளவிலும் வடிவத்திலும் உள்ள வேறுபாடுகள் பற்றி. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். முடிவு என்னவென்றால், இந்த ஊர் மக்களிடம் வேறுபாடே இல்லை. எல்லோருக்கும் தலா ஐந்து கிராம், வலது முக்கோணம், இடது பிறை. வெளிநாட்டு மாநாட்டில் கை தட்டினார்களாம். கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் அறைச் சுவரில் தொங்கியது. வாரம் ஒருமுறை அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் தராசக்காதான். துடைக்கும்போது அவளுக்குச் சிரிப்பும் வரும், குமட்டலும் வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு துடைத்துவிட்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை மெக்கானிக் ஒருவரின் உடம்பு வந்தது. முப்பத்து நாலு வயது, எலும்பும் தோலுமாக. வாந்தியெடுத்து, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டார். கழுவும்போது உள்ளங்கை ரேகையெல்லாம் மையால் கீறினது மாதிரி கறுப்பு. முழங்கை, விரல் முட்டி, எல்லாம் கறுப்பு. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

"மெக்கானிக் கைன்னா கிரீஸ் இல்லாம சந்தனமா இருக்கும்? விடு" என்றார் டெய்லர்.

விட்டுவிட்டாள். நுரையீரல் உச்சியில் பழைய தழும்பு ஒன்று இருந்தது, டாக்டர் குறித்துக்கொண்டார். மற்றதெல்லாம் வழக்கம்போல. சிறுநீரகக் கொழுப்பை ஒரே இழுப்பில் உரித்துப் பக்கெட்டில் விரித்திருந்த பைக்குள் போட்டாள். 'டொக்' என்றது.

கொழுப்பு விழுந்தால் அப்படிச் சத்தம் வராது. பொத்தென்று ஈரமாக விழும். இது பக்கெட்டின் அடியில் கல் விழுந்த சத்தம். அவளுக்கு நன்றாகக் கேட்டது. குனிந்து, கையை விட்டு, என்னவென்று பார்த்திருக்கலாம். அந்த மஞ்சள் குவியலைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். பையைக் கட்டி, எண் எழுதிய சீட்டைத் தொங்கவிட்டு, பின்கட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டாள்.

"அட்ரீனல் அஞ்சு, அஞ்சு" என்று ஜன்னலோரத்தில் டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அம்மா அறிக்கையின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு பிணவறை வாசலுக்கு வந்து நின்றார். மெக்கானிக்கின் மாமியார். அவர் மகளை, அதாவது மெக்கானிக்கின் மனைவியை, போலீஸ் பிடித்துப்போய் எட்டு நாள் ஆகிறது. மகனுக்கு மருமகள் விஷம் வைத்துவிட்டாள் என்று மெக்கானிக்கின் தாய் புகார் கொடுத்திருக்கிறார்.

"இதை ஒருத்தர் படிச்சுச் சொன்னாரும்மா. உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு போட்டிருக்காமே. இதயம் நல்லாருக்கு, ஈரல் நல்லாருக்கு, என்னமோ ஒரு சுரப்பி அஞ்சு கிராம், அதுவும் நல்லாருக்கு. எல்லாம் நல்லாருந்தவன் எப்படிச் செத்தான், நீதான் கொடுத்திருக்கேன்னு அவளைப் பிடிச்சு உலுக்குறாங்க."

"உறுப்பெல்லாம் கெமிக்கல் டெஸ்டுக்குப் போயிருக்கு. வந்தா தெரிஞ்சிடும்" என்றாள் தராசக்கா. வாசலில் வந்து நிற்பவர்களுக்கெல்லாம் சொல்லும் பதில்.

"அது வர நாலஞ்சு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் எம்பொண்ணு உள்ளயே கிடக்கணுமா? பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொல்லியிருக்கா. இவ ஒரு டம்ளர்ல வெள்ளையா எதையோ கலக்கிக் கொடுத்தா, குடிச்சு வாந்தியெடுத்தாருன்னு. அது உப்புத் தண்ணிம்மா. அவருதான் கேட்பாரு. ஆறு மாசமா உப்பை உள்ளங்கையில கொட்டி நக்குவாரு. எழுந்து நின்னா தலை சுத்தும், உப்பைத் தின்னா கொஞ்சம் தெளிவாரு. ஆளே கறுத்துப்போயிட்டாரு. மாப்பிள்ளை கல்யாணத்துல என்ன நிறம் தெரியுமா. பல் ஈறுகூடக் கறுத்துப்போச்சு."

உப்பு, கறுப்பு என்று கேட்டதும் தராசக்காவுக்குப் பொறி தட்டியது. வருடா வருடம் மாணவர்களை அழைத்து வந்து சென்ட் டாக்டர் ஒப்பிக்கும் பாடம் அவளுக்கு மனப்பாடம். காசநோய் வந்து போனபிறகும் சில பேருக்கு அது அட்ரீனலில் போய்க் குந்திக்கொள்ளும், வருடக்கணக்கில் அரித்து அதைச் சுண்ணாம்புக் கட்டியாக்கிவிடும். அப்புறம் உடம்பில் உப்பு நிற்காது, தோல் கறுக்கும், ரேகை கறுக்கும், ஒருநாள் சாதாரணக் காய்ச்சலில் ஆள் சாய்ந்துவிடுவான்.

"அவருக்கு எப்பவாச்சும் காசம் வந்துச்சா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு நல்லாயிட்டாரு. மறைக்காமச் சொல்லித்தான் பொண்ணு எடுத்தாங்க. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டு அப்புறம் வாங்க."

'டொக்' என்ற அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. அந்த அம்மா படி இறங்கிப் போனபின்னும் கேட்டது.

டாக்டர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கேட்டார், பிறகு மறுபடி வைத்துக்கொண்டார்.

"உடம்பைப் புதைச்சாச்சு. உள்ள இருந்தா தோண்டலாம்."

"உள்ள இல்ல டாக்டர். பையில இருக்கு. கொட்டகையில."

"எட்டு நாள் ஆன வேஸ்ட் பையை எவனாவது கிளறுவானா? கருமம். மூணு மணிக்கு வண்டி வருது, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும். கெமிக்கல் ரிப்போர்ட்ல விஷம் இல்லைன்னு வந்தா அந்தப் பொண்ணு தானா வெளியே வரப்போறா. நீ எதுக்கு இழுத்து விட்டுக்கிற?"

எரிக்கும் உலை பழுதாகிப் பத்து நாளாக வண்டி வராமல் இருந்தது. இன்றைக்கென்று பார்த்து வருகிறது. டாக்டர் பேசும்போது அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் பளபளவென்று தெரிந்தது, நேற்று இவள் துடைத்தது. அவள் வெளியே வந்தாள்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. முப்பது நாற்பது பைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஊதிப்போய்க் கிடந்தன. அடியில் தரை நனைந்திருந்தது. அந்த நனைவில் ஈக்கள். டெய்லர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் தைக்கிற ஆளு. பிரிக்கிற ஆளு இல்ல."

"நீங்க பிரிக்க வேண்டாம்ணே. போன்ல படம் மட்டும் எடுங்க. சீட்டு எண் தெரியணும், கட்டுப் பிரிக்காம இருக்கிறதும் தெரியணும்."

"இதெல்லாம் யாரு கேட்கப்போறாங்க?"

"கேட்பாங்க."

எண்ணைத் தேடி ஒவ்வொரு பையாகப் புரட்டினாள். கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. பதினேழாவது பையில் மெக்கானிக்கின் எண் இருந்தது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் வைத்து, டெய்லர் படமெடுத்த பிறகு கட்டை வெட்டினாள். உள்ளே இருந்த காற்று 'புஸ்'ஸென்று வெளியே வந்தது. டெய்லர் "அடச்சீ" என்று ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பிணவறையில் இருபது வருடம் தைத்த மனிதர்.

கொழுப்பு இப்போது மஞ்சளாக இல்லை. பச்சையும் சாம்பலுமாக, உருகியும் உருகாமலும், எண்ணெயாகவும் கட்டியாகவும் கிடந்தது. இரட்டைக் கையுறை போட்டிருந்தாள். அப்படியும் அதன் வழவழப்பு ஒவ்வொரு விரலாக ஏறுவது தெரிந்தது. அவள் தன்னையே வெறுத்தாள். அன்றைக்கு இது புதிதாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, அரை நிமிட வேலை. பதினைந்து வருடமாக ஒவ்வொரு நாளும் அரை நிமிட வேலை. அருவருப்பு என்று சொல்லி நழுவிய அத்தனையும் சேர்ந்து இந்தப் பைக்குள் அழுகிக் காத்திருந்த மாதிரி இருந்தது. முகமூடிக்குள்ளேயே வாந்தி வந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி கையை விட்டாள்.

அழுகும் எதுவும் அழுகிவிட்டிருந்தது. சாதாரணச் சுரப்பியாக இருந்தால் இந்நேரம் கூழாகி எங்கே என்றே தெரிந்திருக்காது. விரலில் கல் தட்டியது. எடுத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வாளித் தண்ணீரில் அலசினாள். கோலிக்குண்டைவிடப் பெரிதாக, முண்டும் முடிச்சுமாக, வெளுத்த சுண்ணாம்புக் கட்டிகள். முக்கோணமும் இல்லை, பிறையும் இல்லை. நகத்தால் சுரண்டினால் மணல் போல உதிர்ந்தது.

தராசில் வைத்தாள். ஒன்று இருபத்து மூன்று கிராம். இன்னொன்று இருபத்தாறு.

அதையும் படமெடுக்கச் சொன்னாள். டெய்லர் வெளிறிய முகத்தோடு வந்து எடுத்தார். தட்டை மூடி எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில், சட்டத்துக்கு நேர் கீழே வைத்தாள்.

டாக்டர் வெகுநேரம் தட்டையே பார்த்தார். முட்டாள் இல்லை அவர், பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அஞ்சுன்னு சொன்னது நீ" என்றார் கடைசியில்.

"நான்தான் டாக்டர். எடை போடாம சொன்னேன். எழுதிக் கொடுக்கிறேன்."

"எழுதிக் கொடுப்ப. அப்புறம் என்ன ஆகும் தெரியுமா? எடை போடாம சொன்னது இது ஒண்ணுதானான்னு கேட்பாங்க. விசாரணைக் கமிட்டி போடுவாங்க. உனக்கு வேலை போகும், எனக்கும் போகும், அது போகட்டும். அந்த விசாரணை முடியிறவரைக்கும் இந்த ரிப்போர்ட் எதையும் யாரும் நம்பமாட்டாங்க. அந்தப் பொண்ணு உள்ளயே இருப்பா. அதுவா உனக்கு வேணும்?"

அவர் பேனாவை எடுத்தார். குரல் இளகியது.

"டைப் பண்ணும்போது ஒரு எண் விட்டுப்போச்சு. இருபத்தஞ்சு, அஞ்சுன்னு ஆயிடுச்சு. அவ்வளவுதான். சுரப்பியைத் தனியா எடுத்து வச்சிருந்தோம், இப்ப திருத்தி அனுப்புறோம். நாளைக்குள்ள போயிடும். என்ன சொல்ற?"

"ஒண்ணு இருபத்து மூணு. இன்னொண்ணு இருபத்தாறு."

"ரெண்டையும் இருபத்தஞ்சுன்னு போடுவோம். அப்பத்தான் பொருந்தும்."

உண்மையைச் சொல்லும்போதுகூட இந்த மனிதருக்கு ஒரு பொய் தேவைப்படுகிறதே என்று அவளுக்குக் கசந்தது. கொட்டகையில் வந்ததைவிடப் பெரிய குமட்டல் இங்கே, சென்ட் வாசனைக்கு நடுவில் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. அந்தப் பெண் உள்ளே கிடக்கிறாள். தராசக்கா வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள். சரியென்று தலையையும் ஆட்டினாள்.

திருத்தம் போனது. பழைய காசநோயால் இரு அட்ரீனல் சுரப்பிகளும் சுண்ணாம்பாகிச் செயலிழந்ததே மரணக் காரணம், இயற்கை மரணம். தலா இருபத்தைந்து கிராம்.

மறுநாள் காலையில் மேஜையில் வேறோர் உடம்பு. தராசக்கா கொழுப்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான். இரண்டையும் தராசில் வைத்தாள்.

"அட்ரீனல் வலது மூணு புள்ளி எட்டு. இடது ஆறு புள்ளி ரெண்டு."

ஜன்னலோரத்தில் பேனா நின்றது. டாக்டர் கைக்குட்டைக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "கூட்டினா பத்து. தலா அஞ்சு" என்று எழுதிக்கொண்டார். டெய்லர் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து மதிய நேரத்தில் அந்த அம்மா மறுபடி வந்தார். கூடவே, விடுதலையாகி வந்த மகள். தராசக்கா அப்போதுதான் குழாயடியில் கை கழுவித் துடைத்து முடித்திருந்தாள். அந்த அம்மா நேராக வந்து அவள் இரண்டு கையையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவள் பெற்ற மகளே தொட யோசிக்கும் கை.

"டெய்லர் அண்ணன் சொன்னாரு. அந்த நாத்தத்துல நீங்களே கையை விட்டுத் தேடினீங்களாமே. இந்தக் கை இல்லன்னா எம்பொண்ணு இல்ல."

மகள் இரண்டடி தள்ளி நின்றாள். உதடு வெடித்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"சாப்பிட மாட்டேங்கிறாம்மா. எதை வச்சாலும் உப்பு வாடை அடிக்குதுங்கிறா. ஸ்டேஷன்ல வச்சு, வெறும் உப்புத் தண்ணிதான்னு சொன்னியே, நீயே குடிச்சுக் காட்டுன்னு டம்ளர் டம்ளரா ஊத்தியிருக்காங்க. வாந்தியெடுத்தா, பாரு விஷம்தான்னு சிரிச்சிருக்காங்க. மறுபடி ஊத்தியிருக்காங்க. தினமும். பாவிங்க. யாரோ டைப் அடிக்கிறவன் ஒரு எண்ணை விட்டதுக்கு எம்பொண்ணு இத்தனை பட்டிருக்கா. அவன் நல்லாயிருப்பானா?"

கைகள் இன்னும் அந்த அம்மாவின் கைகளுக்குள்தான் இருந்தன. வெதுவெதுப்பாக, இறுக்கமாக. அப்படியே விட்டுவிடலாம். திரும்பிப் போய்விடுவார்கள், போகும் வழியெல்லாம் இவளை வாழ்த்துவார்கள். தராசக்காவுக்கு அந்த வாழ்த்தை நினைக்கவே உடம்பு கூசியது.

"டைப் அடிச்சவர் மேல தப்பில்லம்மா. அஞ்சுன்னு நான்தான் சொன்னேன். எடை போடல. எடுத்துக்கூடப் பார்க்கல. கொழுப்பைத் தொட அருவருப்பு. விழும்போது கல் மாதிரி சத்தம் கேட்டுச்சு, அப்பவும் குனிஞ்சு பார்க்கல."

அந்த அம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கு மட்டும்தானா?" என்றாள். குரல் கரகரத்தது. "இல்ல, இன்னும் எத்தனை பேருக்கு அஞ்சு போட்டீங்க?"

வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மனப்பாடமான எண் அது.

"கணக்குல வந்தது ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு" என்றாள் தராசக்கா.

அந்த அம்மா கைகளை விட்டார். தன் வலது கையைச் சேலையில் ஒருமுறை துடைத்தார். பிறகு இடது கையை. அதற்கும் திருப்தி இல்லாமல், தராசக்கா தினமும் குழாயடியில் செய்வது போலவே, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, மகளைத் தோளோடு அணைத்து வாசலைத் தாண்டிப் போனார்.